மணல் கொட்டும் முரசு

கேள்வி: பாலைவனத்தில் பேய்கள் முரசு கொட்டுமாமே, மெய்யா?

பதில்: கொட்டுவது மெய். பேயல்ல, மணல்!

13-ஆம் நூற்றாண்டில் லோப் பாலைவனத்தைக் கடந்த மார்க்கோ போலோ, அங்கே ஆவிகளின் குரலும் வாத்திய ஓசையும், குறிப்பாக முரசொலியும் கேட்கும் என்று பதிவு செய்தார். அதைப் புளுகென்று தள்ளிவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். பல நாடுகளில் மணற்குன்றுகள் உண்மையிலேயே இப்படி முழங்குகின்றன. நன்றாகக் காய்ந்த, ஏறக்குறைய ஒரே அளவுள்ள மணல்துகள்கள் செங்குத்தான சரிவில் திரளாகச் சரியும்போது, மோதி மோதி ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. நொடிக்குச் சுமார் 70 முதல் 105 அதிர்வுகள். அடிவயிற்றில் உணரக்கூடிய கனத்த ஒலி. சில சமயம் நிமிடக்கணக்கில் நீடிக்கும், கிலோமீட்டர் கணக்கில் பரவும். துணையில்லாமல் இருட்டில் நடப்பவனுக்கு அது பேயாகப் பட்டதில் வியப்பே இல்லை.

ஈரம் பட்டால் குன்று ஊமை.

சிலி நாட்டின் கோப்பியாப்போ பகுதிக்கு 1835-இல் போன சார்லஸ் டார்வினிடமும், ‘எல் பிரமதோர்’ என்ற உறுமும் குன்றைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். ஆட்கள் ஏறி மணலைச் சரித்தால்தான் அது சத்தம் போடுமாம். பேயாக இருந்தால் ஆள் ஏறும்வரை காத்திருக்குமா?