நின்ற காரில் ஓடும் மின்சாரம்

ராத்திரி நல்லபடியாக நிறுத்திய பழைய கார் காலையில் செல்ஃப் எடுக்க மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். பேட்டரியே நோயாளியாக இருக்கலாம். அல்லது நல்ல பேட்டரியிலிருந்து ஏதோ ஒன்று இரவெல்லாம் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கலாம். முதல் வகை புதுப் பேட்டரி வாங்கினால் தீரும். இரண்டாவது வகைதான் என்பது, புதுப் பேட்டரி வாங்கிய பின் மூன்றாம் நாள் காலையில் தெரியவரும்.

அறிகுறிகள் எளியவை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றாது; ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், டாஷ்போர்டு விளக்குகள் மங்கும். அடுத்த சில நிமிடங்களில் அக்கம்பக்கத்தார் வந்து சேர்வார்கள். “பேட்டரிய மாத்திடுங்க சார்” என்பார் ஒருவர். “டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனீங்களா?” என்பார் இன்னொருவர். “வண்டிய தெனமும் ஒரு ரவுண்டு எடுக்கணும்” என்பார் சொந்தமாக வண்டி இல்லாதவர். யோசனை சொன்னவர்களே வண்டியைத் தள்ளவும் வேண்டியிருப்பதால், நாலைந்து காலைகளுக்குப் பிறகு யோசனைகள் தாமாகவே குறைந்துவிடும். காரணத்தைத் தேடுவதற்கு ஏற்ற அமைதி அப்போதுதான் கிடைக்கும்.

தேடலைப் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். முழு சார்ஜில் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். அங்கே செலவைத் தேடிப் பயனில்லை, வரவே இல்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துலக்கி, இறுக்கிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

பேட்டரியா, வண்டியா என்று பிரித்தறிய மலிவான சோதனை ஒன்று உண்டு. பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, இரவில் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். காலையில் மாட்டியதும் செல்ஃப் எடுத்தால் பேட்டரி நிரபராதி. எடுக்காவிட்டால் குற்றம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. தேவை ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் மட்டுமே. எந்த வீட்டிலும் அந்த நம்பர் மட்டும்தான் காணாமல் போயிருக்கும்.

அடுத்தது கணக்கு. மாருதி 800 போன்ற சிறிய காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவகம் போன்றவை நின்ற வண்டியிலும் சில மில்லி ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதன்படி ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும்; இரண்டு வாரத்தில்தான் பேட்டரி பாதியாகும். அணையாத 5 வாட் ரூம் லைட் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும், இரண்டு நாளில் பாதி காலி. பிரேக் மிதியின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து மூன்றரை ஆம்பியர். ஒரே இரவில் கதை முடிந்தது. இந்த வகைக்குச் சாட்சியும் கிடைப்பார். “பின்னாடி செவப்பு லைட் விடிய விடிய எரிஞ்சுது சார், திருடனுக்குப் பயம் காட்ட போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்பார் வாட்ச்மேன். ஆக, எத்தனை நாளில் இறங்குகிறது என்பதை வைத்தே ஆளின் உருவத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகத்தை மீட்டர் உறுதி செய்யும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டரை இணைக்க வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். கொடுக்க முயன்று மீட்டர் உயிரை விடும். கதவு திறந்திருக்கவும் கூடாது. திறந்த கதவோடு அளந்தால், அளப்பவரே ஏற்றிய ரூம் லைட்டின் கணக்குதான் மீட்டரில் தெரியும். அந்த 0.4 ஆம்பியரைத் துரத்தி ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்திருக்கின்றன. ரிமோட் லாக் இருந்தால், மீட்டர் இணைத்ததும் அது விழித்துக்கொள்ளும். சில நிமிடம் காத்திருந்து, எண் அடங்கிய பிறகே குறித்துக்கொள்ள வேண்டும்.

எண் அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பியூஸ் பெட்டி டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், மீட்டரோ பானெட்டுக்குள். பிடுங்குபவரின் தலை கிளட்ச் மிதியருகே இருப்பதால், எண்ணைப் படித்துச் சொல்ல இரண்டாவது ஆள் தேவை. வீட்டுப் பிள்ளை அந்த வேலைக்கு நியமிக்கப்படுவான்.

“எவ்ளோடா காட்டுது?”

“பாயின்ட் நாலுப்பா.”

“இப்ப?”

“அதே பாயின்ட் நாலு.”

“இப்ப?”

“ஒரு நிமிஷம்ப்பா, போன்.”

விழ வேண்டிய எண் அந்த ஒரு நிமிடத்தில் விழுந்திருக்கும். யாரும் பார்க்காததால் பியூஸ் பழையபடி செருகப்பட்டிருக்கும். எனவே முழுப் பெட்டியையும் இரண்டாம் முறை சோதிப்பது நல்லது.

எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் இறங்காத வண்டிகள் உண்டு. பியூஸ் பெட்டியைத் தொடாமல் செல்லும் கம்பிகளே அதற்குக் காரணம். அவற்றில் முக்கியமானது ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி. ஆல்டர்னேட்டருக்குள் உள்ள டயோடுகள் மின்சாரத்தை பேட்டரியை நோக்கி மட்டுமே விட வேண்டும். ஒன்று பழுதானால், வண்டி நின்றபின் மின்சாரம் திரும்பி வந்து சுருள்களைச் சூடாக்கும். கசிவு பெரிதாக இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆல்டர்னேட்டர் மட்டும் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் கம்பியைக் கழற்றி, டேப் சுற்றி, மறுபடி அளந்தால் சந்தேகம் தீரும். கழற்றும்போது பேட்டரியில் எதுவும் இணைந்திருக்கக் கூடாது.

இரண்டாவது கூட்டம், வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபின் சேர்ந்தவை. ஆம்ப்ளிஃபயர், ரிவர்ஸ் ஹாரன், மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொரு உரிமையாளரும் ஒன்றைச் சேர்த்திருப்பார். அவசரத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் அதை நேராக பேட்டரியிலேயே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார். இவற்றில் மேலானது திருட்டு அலாரம். கார் களவு போகாமலிருக்க இரவு பகலாக விழித்திருந்து, கடைசியில் உரிமையாளர் உட்பட யாராலும் ஸ்டார்ட் செய்ய முடியாத நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடும். தன் வேலையை இவ்வளவு முழுமையாகச் செய்யும் கருவி வேறில்லை.

காரணம் தெரிந்தபின் பழுது பெரும்பாலும் சிறியது: துருப்பிடித்த கதவு சுவிட்ச், ஒட்டிக்கொண்ட ரிலே, தவறான இடத்தில் முறுக்கிய கம்பி. தேடப் பொறுமையில்லாதவர்கள் நெகட்டிவ் முனையில் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, தினமும் இரவில் திருகி வைக்கிறார்கள். கசிவு நிற்கும், கடிகாரமும் தினமும் நிற்கும்.

சரிசெய்தபின் மீண்டும் அளந்து, 50 மில்லி ஆம்பியருக்குள் வந்ததா என்று பார்க்க வேண்டும். காலியான பேட்டரியைக் கடைத்தெரு வரை ஓட்டி நிரப்ப முடியாது. சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போட வேண்டும். பலமுறை முழுக்க இறங்கிய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, கொள்ளளவு குறைந்துபோகும். கடையில் லோடு டெஸ்ட் செய்து, தேறாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். தேடலின் தொடக்கத்தில் நிரபராதி என்று நிரூபணமான பேட்டரிதான் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தோற்கும்.