கணக்குக்கு ஒத்துவராத கார்

ஹைபிரிட் கார் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை, கணக்குப் போடும் முன்பே என்னிடம் தயாராக இருந்தது. வாங்க வேண்டும். கணக்கு தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அது ஆட்டவில்லை.

மாருதி கிராண்ட் விட்டாராவை எடுத்துக்கொண்டேன். கம்பெனி சொல்லும் மைலேஜ் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் 27.97, சாதா மேனுவலில் 21.11. (அந்தச் சாதாவுக்கும் மைல்ட் ஹைபிரிட் என்றுதான் பெயர். மோட்டாரில் மட்டும் ஓர் அடி நகராது.) வருஷம் 10,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் 116 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றாலும் 12,000-ஐத் தொடவில்லை. விலை வித்தியாசத்தையோ சுமார் 3 லட்சம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கும் தமிழ்நாட்டில் 18 சதவீதம் ரோடு டாக்ஸ் உண்டு என்பதை வசதியாக மறந்திருந்தேன். சேர்த்தால் 3,54,000. போட்ட காசு திரும்ப 30 வருஷம்! ஆர்.சி.யே 15 வருஷத்துக்குத்தான்.

விடுவேனா? வருஷ ஓட்டத்தை 20,000 ஆக்கினேன். பெட்ரோலை 150 ரூபாய்க்கு ஏற்றினேன். கடைசியில் இரண்டையும் பழையபடி இறக்கிவிட்டு, ஒரு பலே வேலை செய்தேன். கிண்டி நெரிசலில் 11 கி.மீ. தரும் என் கிழட்டு வண்டியோடு ஹைபிரிட்டை ஒப்பிட்டேன். மிச்சம் 551 லிட்டர், ஆறரை வருஷத்தில் காசு கைக்கு வந்துவிட்டது. அதில் 435 லிட்டரைச் சாதா காரே மிச்சம் பிடித்துக் கொடுத்துவிடும் என்ற வரியை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

மனைவி நோட்டைப் புரட்டினாள். "ஏங்க, அந்த மூணரை லட்சத்த பேங்க்ல போட்டா ஆறரை பர்சென்ட்டுக்கு வருஷம் இருபத்து மூணாயிரம் வட்டி வருமே. உங்க பெட்ரோல் மிச்சம் அதுல பாதிதானே?"

"டவுனுக்குள்ள பிரேக் போடறப்ப பேட்டரி சார்ஜ் ஆகும், மிச்சம் கூடும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் அதிகம் ஓட்டுவது திண்டிவனம் பைபாஸில். அங்கே பிரேக் எங்கே போட்டேன்?

டெஸ்ட் டிரைவில், சிக்னலில் என்ஜின் அணைந்து, பச்சை விழுந்ததும் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்ததே, அதில் விழுந்தவன் நான். அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை பெருக்கல், வகுத்தல்.

அட்வான்ஸ் கட்டியாயிற்று. ஆபீஸில் கேட்பவர்களிடம், "மைலேஜுக்காகத்தான் சார்" என்கிறேன்.