கவர்மென்ட் பைலட்டு

"சார் என்ன பண்றீங்க?" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால், "ரிட்டயர்டு பைலட்" என்பார். அதோடு நிறுத்திக்கொண்டு வடையைப் பிட்டு சாம்பாரில் நனைப்பார்.

"எந்த ஏர்லைன்ஸ்?"

"கவர்மென்ட்."

"இன்டர்நேஷனலா?"

"டொமஸ்டிக்தான். கூடூர், ஜோலார்பேட்டை செக்டார்."

ஜோலார்பேட்டையில் ஏர்போர்ட் எந்தப் பக்கம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இன்ஜின் டிரைவர் என்றிருந்த உத்தியோகத்துக்கு ரயில்வேயே 'லோகோ பைலட்' என்று பெயர் மாற்றிவைத்தது. நம்மவர் முதல் பாதியை வடையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார், அவ்வளவுதான். ஒரு பக்கம் தண்டையார்பேட்டை யார்டு, அதை ஒட்டி டீசல் ஷெட், அந்தாண்ட ராயபுரம் எலெக்ட்ரிக் ஷெட் என்று இரும்புச் சத்தத்துக்கு நடுவில் கிடக்கிற எங்கள் கொருக்குப்பேட்டையில் இப்படிப்பட்ட பைலட்டுகள் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்கள். 60 வயதில் மாலை போட்டு இன்ஜினிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் என்ன செய்வது என்று யாரும் காஷன் ஆர்டர் எழுதித் தருவதில்லை. சிலர் கோயில் கமிட்டியில் சேர்கிறார்கள். சிலர் சீட்டு பிடிக்கிறார்கள். சிலர் கேமரா வாங்குகிறார்கள். இந்த மூன்றாவது ரகத்தில் முதல் நம்பர் எங்கள் மாடி போர்ஷனில் இருக்கிறார்.

பி.எஃப். பணம் வந்ததும் முதல் செலவு கேமரா, இரண்டாவது செலவு லென்ஸ். ஒரு முழ நீளத்துக்கு, பெட்ரோமாக்ஸ் பருமனில் ஒன்று. அதற்குத் தோதாகப் பர்மா பஜாரில் ஒரு காக்கிச் சட்டை, கையில்லாதது. அதில் மொத்தம் 14 பாக்கெட். நானே எண்ணியிருக்கிறேன். ஒன்றில் பேட்டரி, ஒன்றில் பி.பி. மாத்திரை, ஒன்றில் ஓமவாட்டர், இன்னொன்றில் கைக்குட்டையில் சுற்றிய ரெண்டு இட்லி. மிச்சப் பாக்கெட்டுகளில் என்ன வைத்தோம் என்று வாரம் முழுக்கத் தேடுவார்.

இந்தக் கோலத்தில் அவர் முதன்முதலாகத் தெருவில் இறங்கிய காலை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. இவர் முக்காலியை நட்டு, லென்ஸைத் திருகி, ஒரு கண்ணை மூடினார். மீன்கொத்திக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். முக்காலியைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: அளக்க வந்துவிட்டார்கள். அஞ்சு நிமிஷத்தில் பத்துப் பேர் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஓர் ஆயா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது வருசமா இங்கதான் நைனா கீறோம், பாத்து எழுது" என்று அழ ஆரம்பித்துவிட்டது. "அம்மா, நான் பைலட்டும்மா" என்று இவர் கத்த, "அப்ப மேலருந்து பாத்துட்டுத்தான் வந்துகீறான்" என்றான் ஒருத்தன். மீன்கொத்தி போய் வெகு நேரமாகியிருந்தது. மூன்று மனுக்களை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஆளை விட்டார்கள்.

அட்வென்ச்சர் தேடும் இந்த ரகத்துக்கு வழிகாட்டிகள் ரயில்வேயில் கிடையாது. எல்லாரும் ஆகாயத்தில்தான். எங்கள் பைலட்டின் ஹாலில் ஜே.ஆர்.டி. டாடா படம் மாட்டியிருக்கிறது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ், 1929ல், அவருடையது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு தனியாகப் பறந்துவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம்ம மதராஸுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். பொன்விழாவுக்காக 1982ல் அதே தேதியில், அதே வழியில், ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் டாடா மறுபடியும் பறந்தபோது அவருக்கு வயது 78. "நமக்கு இன்னா வயசு? 63! இன்னும் 15 வருசம் சர்வீஸ் கீது" என்பார் பைலட்டு. அடுத்தது விஜய்பத் சிங்கானியா. கோட்டு சூட்டுக்குத் துணி விற்ற மனுஷன், 2005ல் 67 வயதில் மும்பையிலிருந்து சூடான காற்று பலூனில் ஏறி 68,986 அடி உயரம் போய் உலக சாதனை படைத்தார். மூன்றாவது நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம்: மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ். 1910லேயே சிம்ப்ஸன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானம் செய்துவாங்கிப் பல்லாவரத்தில் பறந்தார். "ஓட்டல்காரன் பறந்துகீறான், நான் பறக்கக் கூடாதா?"

பைலட்டம்மாவிடம் (தெருவே அந்த அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறது) இதற்குப் பதில் தயாராக இருக்கும். "அவங்கல்லாம் ஏரோப்ளேன் மோட்டார ஓட்டுனாங்க. நீ மொதல்ல தண்ணி மோட்டார நிறுத்து. டாங்கு வழியுது."

ஒருநாள் நிஜமாகவே பறக்கும் பயிற்சிக்கு விசாரித்தார். தனியார் விமானி லைசென்ஸுக்கு 17 வயது முடிந்திருக்க வேண்டும், மெடிக்கல் பாஸாக வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களை 65ல் நிறுத்திவிடுகிறார்கள். சொந்த ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கு மேல்வரம்பு இல்லை. இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பிறகு போனில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பதில் வந்தது. "ஹலோ... ஹலோ... சிக்னல் சரியில்ல சார்" என்று வைத்துவிட்டார். வாழ்நாளில் அவர் சிக்னல் மீது பழிபோட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு டிரோன். சிங்கப்பூர் மருமகன் வாங்கிவந்தது, 249 கிராம். 250 கிராமைத் தாண்டாத குட்டி டிரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட 2021 விதிகளின்படி சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோவைத் தாண்டிய பெரியது என்றால் தேவை, அதையும் 65 வயதுக்கு மேல் தரமாட்டார்கள். அதாவது ஏரோப்ளேனை 80 வயதுக் கிழவர் ஓட்டலாம், பெரிய டிரோனை ஓட்டக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் வீட்டில் ஒரு மாமனார் இருந்திருக்க வேண்டும். இருக்கட்டும். பைலட்டு மொட்டைமாடியில் டிரோனை வைத்துவிட்டு, பறக்கலாமா என்று போனில் வரைபடத்தைத் திறந்தார். துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் இருக்கிற பக்கம். திரையில் எங்காவது சிவப்பு தென்படாமல் இருக்குமா? அந்த நிறத்தைக் கண்டதும் மனுஷன் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். சிவப்பு சிக்னலை ஒரு முழம் தாண்டினாலும் வேலை போய்விடும் என்று 34 வருஷம் பழகிய கண். "இது அந்தச் செவப்பு இல்லண்ணா, நம்ம வீடு அதுக்கு வெளியதான் இருக்குது" என்று பெரிதாக்கிக் காட்டினேன். "செவப்பு செவப்புதான் தம்பி." டிரோன் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தடைசெய்த மாஞ்சாவோடு எதிர்மாடிப் பயல்களின் காத்தாடிகள் யாரையும் கேட்காமல் வானத்தில் டீல் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆகாயம் கைவிட்டதும் அட்வென்ச்சர் தரைக்கு இறங்கியது. போன தை மாதம் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விடிகாலை முதல் வண்டி. பொன்னேரியில் இறங்கி பஸ். கொருக்குப்பேட்டையில் ஏறியதிலிருந்து அவர் உட்காரவில்லை. காலி சீட்டுகள் இருந்தன. கதவோரம் நின்று தலையை நீட்டி, "டிஸ்டன்ட்... டபுள் எல்லோ!" என்று கையைத் தூக்குகிறார். கொஞ்ச நேரத்தில், "ஹோம்... எல்லோ!" இன்ஜினில் டிரைவரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்க்கிற பழக்கம் அது. பதிலுக்கு "எல்லோ" என்று சொல்ல ஆள் இல்லாததால் என்னைப் பார்த்தார். திருவொற்றியூர் வந்தபோது நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். விம்கோ நகரில் ஏறிய மீன்கார அம்மா கூடையை எங்களிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டது. எண்ணூர் தாண்டி ரயில் கழிமுகத் தண்ணீரின் மேல் போகும்போது நூறு கூழைக்கடா மிதந்துகொண்டிருந்தன. "அண்ணா, அங்க பாருங்க!" என்றேன். "இரு, ஸ்டார்ட்டர் வருது."

பஸ்ஸில்தான் சொன்னார். "சூலூர்பேட்டை வழியா எத்தினி ஆயிரம் தபா போயிருப்பேன். ஏரி ஓரமா நாரை நிக்குமாம், விழாவே எடுக்கிறாங்களாம். 58 வேகன் பின்னாடி வருது, நான் எங்க பக்கத்துல பாக்கிறது? நேராத்தான் பாத்தேன். ஒரு நாரைகூட நேரா வரல."

பழவேற்காட்டில் தண்ணீர் வற்றிய சேற்றில் முழங்கால் வரை இறங்கி அரை பர்லாங் நடந்தோம். இடது செருப்பைச் சேறு எடுத்துக்கொண்டது. பூநாரைகள் இருந்தன. ஆந்திர எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில். இவர் 612 படம் எடுத்தார். வீட்டில் டி.வி.யில் போட்டுக் காட்டியபோது வெள்ளைத் தாளில் ரோஸ் பவுடர் கொட்டின மாதிரி இருந்தது. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் எடுத்தவை மட்டும் ஆடாமல் அசையாமல் பிரமாதமாக வந்திருந்தன. பைலட்டம்மா சேறு படிந்த பேன்ட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டது: "கக்கூஸ் இல்லாத இன்ஜின்ல பத்து மணி நேரம் போய்ட்டு வருவியே, அத்தவிடவா இது அட்வென்ச்சரு?"

ஆனாலும் ஒரு படம் தேறியது. திரும்பி வரும்போது ஒரு ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றிருந்தோம். பூநாரைக் கூட்டம் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. மாலை வெயில், சிறகெல்லாம் சிவப்பு. ஓமவாட்டரைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினார். பதினொரு பறவை, ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளலாம் போல. எனக்கே தொண்டை அடைத்தது. அதை அன்றிரவே 'காலை வணக்கம்' போட்டு ஓய்வுபெற்ற டிரைவர்கள் வாட்ஸாப் குரூப்புக்கு அனுப்பினார்.

நள்ளிரவுக்குள் 43 பதில்கள். பறவையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தின் கீழ்மூலையில் ஒரு சிக்னல் கம்பமும் அதன்மேல் சாய்ந்த வேலிகாத்தான் கிளையும் விழுந்திருந்தன. "ஹோம் சிக்னல் மறைக்குது." "டவுன்ல வர்றவனுக்கு எல்லோ தெரியாதுப்பா." "நான் இருந்தப்பவே எழுதிக் குடுத்தேன்." "இன்னா லென்ஸு? நல்லா தெரியுது கிளை." ஒருவர், இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். அவர் வேறு யாருக்கோ அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்து கிளையை வெட்டிவிட்டுப் போனார்கள்.