கடைசி பெஞ்சுக்கு வந்த கண்டம்

2025 ஜூலையில் ஒரு வாரம் தமிழகப் பள்ளிகளில் செய்தி ஒன்றே ஒன்றுதான்: கடைசி பெஞ்ச் ஒழிப்பு. 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தில் பிள்ளைகள் சுவரோரமாகச் சுற்றி உட்கார, கேரளப் பள்ளிகள் சில அதைப் பிடித்துக்கொண்டன. இங்கும் பெஞ்சுகளை 'ப' வடிவில் திருப்பிப் போடச் சொன்னது கல்வித் துறை.

நோக்கம் நல்லதுதான். ஆனால் ஐம்பது பேரை அடைத்த வகுப்பில் 'ப' போட்டால் ஆசிரியர் எங்கே நிற்பார்? பக்கவாட்டில் உட்கார்ந்தவன் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டும். பின்வரிசை மன்னர்களுக்கோ வேறு கவலை: டிபன் பாக்ஸை இனி எந்த மறைவில் திறப்பது?

கழுத்துவலி வரும், கண் கெடும் என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே யோசனை நிறுத்திவைக்கப்பட்டது.

மூன்றாம் பாடவேளையில், கடைசி பெஞ்சிலிருந்து மீண்டும் புளியோதரை வாசம்.