செங்கோலுக்கு ஒரு பாராட்டு

பொறுமையைப் பற்றி நெய்வேலிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இங்கே பக்கெட் வீல் இராப்பகலாக மேல்மண்ணை வழிக்கும். அடியிலிருந்து பீறிட்டு வரும் தண்ணீரை மோட்டார்கள் இறைத்துக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் சொல்கிறேன், டெல்லியின் பொறுமை எங்கள் சுரங்கத்தைவிட ஆழமானது.

அப்போது மல்யுத்த சம்மேளனத் தலைவராகவும் எம்.பி.யாகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று சொல்லி, 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அவர் மறுத்தார். உடனே விசாரணைக் குழு போட்டார்கள். குழுவும் அறிக்கை எழுதியது. அதன்மேல் ஊர்க்கண் பட்டுவிடக்கூடாதே என்று உள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்து, உச்ச நீதிமன்றம் வரை தோண்டிய பிறகு 28-ம் தேதி முதல் தகவல் அறிக்கை மேலே வந்தது. தெருவில் உட்கார்ந்தால் நாட்டின் பெயர் கெடும் என்று பி.டி. உஷா வருந்தினார். ஓட்டக்காரர் அல்லவா, நியாயத்தைத் தாண்டி முன்னால் போய்விட்டார்.

பொறுமைசாலிகளுக்கு வேகம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். மே 28, புதிய நாடாளுமன்றத் திறப்பு விழா. நம் ஆதீனங்கள் போய் ஆசி வழங்க, தமிழ்நாட்டுச் செங்கோலை உள்ளே நிறுவினார்கள். எனக்கும் பெருமைதான். அதே நாளில், அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்த வீராங்கனைகளைப் போலீஸ் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றியது. அன்றைக்கே அவர்கள்மேல் வழக்கும் பதிவாகிவிட்டது. மதுரையில் ஒரு பாண்டியன் இருந்தான், அவசரக்காரன். ஒருத்தி வந்து சிலம்பை உடைத்ததும், கோல் வளைந்ததே என்று உயிரை விட்டான். டெல்லியில் இருக்கும் கோல் பொன்முலாம் பூசியது, லேசில் வளையாது.

1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்திய டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோஸையும் அமெரிக்கா அணியை விட்டே வெளியேற்றியது. அவர்கள் படித்த பல்கலைக்கழகம் 2005-ல் இருவருக்கும் சிலை வைத்தது. 37 வருஷம்! நாமும் அவசரப்பட வேண்டியதில்லை.

அதற்காகத் தண்டனையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2024 தேர்தலில் கைசர்கஞ்ச் தொகுதியில் பிரிஜ் பூஷணுக்குக் கட்சி கண்டிப்பாகச் சீட்டு மறுத்துவிட்டது. அதை அவருடைய மகனிடம் கொடுத்தது. அவர் ஜெயித்தார்.