மொட்டைமாடிப் பொக்கையியல்: ஓர் அறிமுகம்

நெல்லுக்குப் பதர் உண்டு, தேங்காய்க்கு ஒல்லி உண்டு. வீட்டில் விதை போட்டு வளர்த்த ஸ்வீட்கார்னுக்குப் பொக்கை உண்டு. மேல்தோலை உரித்ததும், வரிசை பிசகாமல் நிற்க வேண்டிய மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நின்று, நடுநடுவே ஈறு தெரியச் சிரிக்குமே, அந்தக் கதிர்தான் ஆய்வுப்பொருள். மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் இதைக் கண்டிருக்கிறார்கள். கண்டதும் கதிரைத் தோலோடு மூடிவைத்தார்களே தவிர, ஒருவரும் இதைத் துறையாக வளர்க்க முன்வரவில்லை. அக்குறை இன்று நீங்குகிறது.

ஆய்வுக்களம், நான்கு கைப்பிடிச் சுவருக்கு உட்பட்ட மொட்டைமாடி. ஐந்திணையுள் இது எத்திணை என்னும் ஐயம் எழும். சித்திரை, வைகாசியில் பாலை என்றும், ஐப்பசியில் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் நெய்தல் என்றும் கொள்க.

முதலில் விதை. பொட்டலத்தைப் பிரித்தவர், உள்ளே இருப்பது வற்றிச் சுருங்கிக் கிடப்பதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போவது வழக்கம். போகற்க. சுருக்கமே அதன் குலப்பெருமை. சாதாரண மக்காச்சோளம் தன் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிச் சேமித்து, காய்ந்த பின்னும் கொழுகொழுவென்று இருக்கும். ஸ்வீட்கார்னில் அந்த வேலையைச் செய்யும் மரபணு ஒன்று பழுது. சர்க்கரை சர்க்கரையாகவே தங்கிவிடுகிறது. காயும்போது உள்ளே இட்டு நிரப்ப மாவு இல்லாமல் விதை சுருங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்னும் மரபியலாளர், இப்படிச் சுருங்கும் வேறொரு வகை மணியில் இனிப்பு இன்னும் மிகுதி என்று கண்டார். இன்றைய சூப்பர் ஸ்வீட் ரகங்கள் அந்த வழி வந்தவை.

கையிருப்பு குறைந்த விதை என்பதால் அது கொஞ்சம் நோஞ்சான். மொச்சையை ஊறவைக்கும் பழக்கத்தில் இதையும் இரவெல்லாம் ஊறவைத்தால் முளைப்பதைவிட அழுகுவதே அதிகம். ஓரங்குல ஆழத்தில் போட்டு, மண்ணைச் சேறாக்காமல் ஈரமாக வைத்தால் வெயில் ஊரில் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். வேகவைத்த மணி முளைக்காது. இதை நிறுவச் சோதனை தேவையில்லை எனினும் குழந்தைகள் இடையறாது செய்துவருகின்றனர்.

இனிப் பொக்கையின் காரணம். இதில் மூன்று கட்சிகள் உள்ளன.

உரக் கட்சியார், பஞ்சகவ்யம் போதவில்லை என்பர். அவர்களுள்ளேயே மீன் அமிலப் பிரிவு ஒன்று தனித்து இயங்குகிறது. திருஷ்டிக் கட்சியார், எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள் என்பர். இக்கட்சியின் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் மாமியார்களிடம் இருக்கிறது. அணில் கட்சியார் எல்லாவற்றுக்கும் அணிலையே காட்டுவர். அணில் தின்ற கதிரில் கடித்த தடம் இருக்கும். அது பொக்கை அன்று, களவு. நம் துறைக்குப் புறம்பானது.

மூவரும் பார்க்கத் தவறியது கதிரின் நுனியில் தொங்கும் முடியை. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரே ஒரு மணிக்குச் சொந்தம். 500 மணிக்கு 500 இழை. செடியின் உச்சியில் விரியும் ஆண்பூவிலிருந்து மகரந்தம் காற்றில் வந்து ஓர் இழையில் ஒட்டி, அதன் வழியே உள்ளிறங்கிச் சேர்ந்தால் அங்கே ஒரு மணி. சேராவிட்டால் ஒரு பொக்கை. தேனீயை எதிர்பார்த்துப் பயனில்லை, இது காற்றின் பொறுப்பு. போதாக்குறைக்கு, ஒரு செடியின் ஆண்பூ பெரும்பாலும் அதன் முடி வெளிவருவதற்கு முன்பே கொட்டத் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஒற்றைச் செடி தனக்குத்தானே உதவிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. பக்கத்துச் செடிகள் வேண்டும்.

இங்கேதான் கைப்பிடிச் சுவர் குற்றவாளியாகிறது. நம்மவர்கள் செடிப் பைகளைச் சுவரோரமாக ஒரே வரிசையில் அடுக்குகிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும், துணிக்கொடிக்கும் இடம் மிஞ்சும். ஆனால் மாடிக்காற்று குறுக்கே வீசினால் மகரந்தம் முழுவதும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் விழும். அதையே வரிசைக்கு நான்கு என நான்கு வரிசையாக, சதுரமாக வைத்தால், காற்று எத்திசையில் வீசினாலும் ஏதோ ஒரு முடிக்கு ஏதோ ஒரு பூ எட்டும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற வாழ்த்து சோளத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று வாழ்த்தியவர்களே எண்ணியிருக்க மாட்டார்கள். காற்றை நம்பாதவர்கள் காலை வெயில் ஏறியதும் ஆண்பூவைக் காகிதத்தில் உதறி, விழும் மஞ்சள் பொடியை முடிமேல் தூவலாம்.

நுனியில் மட்டும் தோன்றும் பொக்கைக்குக் காரணம் சற்று வேறு. அடிமணிகளின் இழை முதலில் வெளிவரும், நுனிமணிகளின் இழை கடைசியில். அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். அந்த நாட்களில் தண்ணீரோ உரமோ குறைந்தாலும் செடி நுனியைக் கைவிடும் என்பதால், உரக் கட்சிக்கு இந்த ஓர் அங்குலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கலாம்.

மக்காச்சோளத்தின் முன்னோரான தியோசின்டே என்னும் மெக்சிகோப் புல்லுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரு கதிரில் பத்துப் பன்னிரண்டு மணி, ஒவ்வொன்றும் கல்போன்ற ஓட்டுக்குள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பால்சாஸ் ஆற்றுப் பகுதி மக்கள் அதை வளர்த்து வளர்த்துப் பெரிதாக்கினார்கள். மணி பெருகியதால்தான் பொக்கையும் பிறந்தது. எனவே பொக்கை நாகரிகத்தின் விளைவு என்பது பெறப்படும்.

படைப்புழுவை ஒரு வரியில் கடக்கிறேன். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த இந்த அமெரிக்கப் புழு குருத்துக்குள் ஒளிந்து தின்னும். தினமும் குருத்தைப் பிரித்துப் பார்த்துக் கையால் எடுப்பதே மாடிக்கு ஏற்ற வழி. பெரம்பலூர்ப் பக்கம் போல ஊரைச் சுற்றிலும் மக்காச்சோளக் காடு இருந்தால் வேறொரு ஆபத்து: அந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் மணி கட்டும், பொக்கை இராது, இனிப்பும் இராது.

அறுவடைக்கு நகமே கருவி. முடி பழுப்பேறிக் காய்ந்ததும் ஒரு மணியைக் கிள்ளுங்கள். தெளிந்த நீர் வந்தால் பொறுக்க. பால் வந்தால் பறிக்க. மாவாக வந்தால் கோழிக்கு. பறித்த கணத்திலிருந்து இனிப்பு இறங்கத் தொடங்குவதால், அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மாடியேறுவது முறை. சேர்ந்து பூத்தவை சேர்ந்தே முற்றும். செடிக்கு ஒன்றாகப் பதினாறு கதிரும் ஒரே வாரத்தில் வரும். திருஷ்டி போட்டதாகச் சொல்லப்பட்ட எதிர்வீட்டுக்கும் இரண்டு கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்.

பதினாறு பைக்கு இடமில்லாதவர்கள் வெண்டை போடலாம். அது ஒற்றைச் செடியிலும் காய்க்கும்.