கிழங்கின் மேல் போட்ட வழக்கு

எழுபதுகளில் எங்கள் ஏற்காட்டு எஸ்டேட்டில் செத்தவர்கள் எல்லாரும் மூன்றே காரணத்தால் செத்தார்கள்: காய்ச்சல், காமாலை, வயசு. சேர்வராயன் மலையில் கணையம் என்ற உறுப்பு யாருக்கும் இருந்ததாகவே நான் கேள்விப்பட்டதில்லை. கணக்குப்பிள்ளை மாமா கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டே கிடந்து, ஒரு காப்பி அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவில் எலும்பாகிப் போனார். வைத்தியம், கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோர். அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்திருந்தது. "காப்பியில சீனிய அள்ளிப் போட்டா வராம என்ன பண்ணும்?" என்றாள் அப்பாயி. விசாரணை முடிந்தது.

படித்தவர்களின் விசாரணையும் அப்போது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஒல்லியான இளவயதுக்காரர், தீராத வயிற்றுவலி, எக்ஸ்ரேயில் கணையத்துக்குள் கல், கூடவே சர்க்கரை. கொட்டாரக்கரையில் டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்தார். கேரளத்து ஏழைகள் தின்றது மரவள்ளி. அதில் சயனைடு உண்டு. பழி கிழங்கின் மேல் விழுந்தது.

எங்கள் மலையடிவாரத்தில் சேலம், ஆத்தூர் பக்கம் திரும்பிய இடமெல்லாம் அந்தக் குச்சிக்கிழங்குதான். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதும் சேலத்துக்காரர்கள் அதைத் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1981இல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட கிழங்கு வெள்ளை முத்தாக உருண்டு, லாரி ஏறி, மகாராஷ்டிரத்தில் விரதச் சாப்பாடாகிப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தது. அப்பாயியோ கிழங்கை மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவாள். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் படிக்காமலே.

பிறகு வழக்கு ஆட்டம் கண்டது. மரவள்ளியைக் கண்ணால்கூடப் பார்க்காத வடநாட்டாருக்கும் அதே நோய் இருந்தது. 2002இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் கிரிராஜ் சந்தக் குழு, இந்த நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் காட்டியது. கணையம் தன் செரிமான நீரால் தன்னையே தின்றுவிடாமல் காக்கும் மரபணு அது. நோயும் சின்ன விஷயமில்லை: சென்னையில் விஸ்வநாதன், மோகன், மதனகோபாலன், சுரேஷ் சாரி முதலானோர் இத்தகைய 185 பேரைத் தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த 24 பேரில் 6 பேரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய்.

இன்றைக்கு நாம் கட்டியின் மரபணுவையே எழுத்து எழுத்தாகப் படிக்கிறோம். கணையப் புற்றுக்கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கேராஸ் மரபணு கெட்டிருக்கிறது. 1988லேயே தெரிந்துபோன சேதி. பெரும்பாலும் கெடுவது ஒற்றை எழுத்துதான். அதனால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசின் போய் வேறொன்று உட்காருகிறது. செல்லைப் பெருகச் சொல்லிவிட்டு அடங்கவேண்டிய புரதம், அடங்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா மகனின் கணையக் கட்டியைப் படித்த ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜி12டி: அந்த 12ஆம் இடத்துப் பிழையில் ஒரு வகை. "அண்ணே, இது நல்ல எழுத்தா, கெட்ட எழுத்தா?" என்று கேட்டான். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கேராஸ் மாத்திரை ஜி12சி வகைக்கு. நுரையீரல்காரர்களுக்கு அது யோகம். கணையத்தில் அந்த வகை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். கணையத்தில் அதிகம் வருவது இவனுடையதுதான். எப்படிச் சொல்வது?

அவனுக்கும் முந்தின வருஷம் சர்க்கரை வந்திருந்தது. அரிசியைக் குறை, நட என்றார்கள். நடந்தான், பேன்ட் தொளதொளத்தது. ஏரியைச் சுற்றி வரும்போது எதிரே வந்தவர்களெல்லாம் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். நானும்தான்.

ஐம்பதைத் தாண்டிப் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் ஏறக்குறைய 125இல் ஒருவருக்கு மூன்று வருஷத்துக்குள் இந்தப் புற்று தெரியவரும் என்று 2005இல் கண்டவரும் சுரேஷ் சாரிதான். மற்ற 124 பேரைப் பீதியில் தள்ளாமல் அந்த ஒருவரைத் தேட, 2018இல் அவர் குழு ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. மரபணு யுகத்துக் கருவியாயிற்றே என்று ஆவலாகப் பார்த்தேன். அது கேட்பது வயது, எடையில் ஏற்பட்ட மாற்றம், சர்க்கரை அளவில் ஏற்பட்ட மாற்றம், அவ்வளவுதான். தம்பி வீட்டு டைரியில் எடையும் சர்க்கரையும் தேதிவாரியாக இருந்தன. சர்க்கரை ஏறும்போது எடை ஏன் இப்படி இறங்குகிறது என்றுதான் யாரும் கேட்கவில்லை.